சாணைக்கல்லில் தோன்றிய சுடர்

மின்னணுவியலைப் புதிதாகப் பயிலத் தொடங்குவோர் பெரும்பாலும் முதன்முதலாகச் செய்து பார்ப்பது யாது? ஒரு சிறு விளக்கைக் கணிப்பொறியின் கட்டளைப்படி எரியவும் அணையவும் செய்வதே ஆகும். மொச்சைக் கொட்டையின் அளவே உள்ள ஓர் எல்.இ.டி. விளக்கு, அதனோடு ஒரு மின்தடை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கணிப்பலகை, இரண்டு மூன்று கம்பிகள். வேண்டிய பொருள்கள் இவ்வளவே. ஒரு மாலைப் பொழுதில் இவ்வேலை முடிந்துவிடும். ஆயினும், அவ்விளக்கு நம் மேசைக்கு வந்து சேர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன். இதனைத் தேர்ந்துகொண்டதற்கு என் வாழ்க்கையிலேயே ஒரு காரணம் உண்டு. அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

1988ஆம் ஆண்டில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியலாசிரியனாகப் பணியாற்றினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அறிவியற் கண்காட்சிக்காக ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை இரண்டு பாட்டரிக் கட்டைகளோடு இணைத்து எரியவிட்டான். பிறகு அதனை விரலால் தொட்டுப் பார்த்து, "ஐயா, இது எரிகிறது, ஆனால் சுடவில்லையே, ஏன்?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "பாடத்தில் உள்ளதைப் படி" என்று சொல்லிவிட்டேன். சற்று நேரங்கழித்து அவன் அவ்விளக்கை 9 வோல்ட் பாட்டரியோடு நேராக இணைத்தான். அது ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, அணைந்து போயிற்று. உடைந்த பொருள்களைக் குறிக்கும் பதிவேட்டில் அவன் பெயரை எழுதி, விளக்கின் விலையையும் அவனிடமே வாங்கினேன். அதன் பிறகு அந்த ஆண்டு முடியும்வரை அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவன் கேட்டது எத்தகைய கேள்வி என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அதனை விளக்கத்தான் இவ்வரலாறு.

எல்.இ.டி. விளக்கு என்பதைப் பாடநூல்கள் ஒளி உமிழ் டையோடு என்று கூறும். இதன் பிறப்பு வானொலியோடு தொடர்புடையது என்பதை வானொலிப் பேச்சில் சொல்வது பொருத்தமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பியில்லாத் தந்தியின் அலைகளைப் பிடித்து அறிவதற்குப் படிகக் கற்களைப் பயன்படுத்தினர். ஒரு கல்லின் மேல் கூரிய உலோக முனையைத் தொடவைத்தால், அந்த இணைப்பு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் எளிதாகச் செல்லவிடும். எந்தக் கல் சிறந்தது என்று பலரும் தேடிக்கொண்டிருந்தனர். மார்க்கோனியின் உதவியாளராகிய ஹென்றி ஜோசப் ரவுண்டு என்ற ஆங்கிலேயரும் அவர்களுள் ஒருவர். அவர் கையில் எடுத்த கல் கார்போரண்டம். கத்தியையும் அரிவாளையும் தீட்டும் சாணைக்கல்லில் உள்ள பொருளே அது. அதன் இரண்டு இடங்களுக்கிடையே 10 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தியபோது கல் மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தது. சில கற்கள் மட்டுமே அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒளிர்ந்தன. 110 வோல்ட் செலுத்தியபோது பல கற்கள் ஒளிவிட்டன. இதனை 1907ஆம் ஆண்டில் ஒரு மின்னியல் இதழுக்குச் சிறு குறிப்பாக எழுதி, இதுபற்றி முன்பு எவரேனும் எழுதியிருந்தால் தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டார். பிறகு தம் வானொலி வேலைக்குத் திரும்பிவிட்டார். கல்லில் தோன்றிய ஒளி அந்தக் குறிப்பிலேயே தங்கிவிட்டது.

அதனை மீண்டும் கண்டவர் ருஷ்ய நாட்டைச் சேர்ந்த ஓலெக் லோசெவ் என்பவர். 1903ஆம் ஆண்டில் பிறந்த இவருக்குப் பல்கலைக்கழகக் கல்வி முறையாக வாய்க்கவில்லை. நீழ்னி நோவ்கொரோத் நகரத்து வானொலி ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஆய்வாளராக உயர்ந்தவர் அவர். 1920க்குப் பிந்திய ஆண்டுகளில் கார்போரண்டப் படிகத்தில் ஒளி தோன்றுவதை அவர் கண்டார். ரவுண்டு கண்டதும் அதே ஒளிதான். ஆனால் லோசெவ் கண்டதோடு அமையவில்லை, "இஃது ஏன் ஒளிர்கிறது?" என்று கேட்டார்.

சூடேறிய பொருள் ஒளி விடும் என்பது எல்லோரும் அறிந்ததே. கொல்லன் உலையில் இரும்பு சிவப்பதும், பழைய மின்விளக்கின் இழை வெண்மையாக எரிவதும் அதனாலேயே. இந்தக் கல்லும் சூட்டினால்தான் ஒளிர்கிறதா? அதனை அறிய லோசெவ் ஓர் எளிய சோதனை செய்தார். ஒளிரும் இடத்தின் மேல் எளிதில் ஆவியாகும் பென்சீன் துளியொன்றை இட்டு, அது எவ்வளவு விரைவில் ஆவியாகிறது என்று பார்த்தார். கல் சூடாக இருந்தால் துளி உடனே மறைந்திருக்க வேண்டும். அவ்வாறு மறையவில்லை. எனவே இது சூட்டினால் உண்டாகும் ஒளியன்று, மின்சாரம் வேறொரு வழியில் நேராக ஒளியாக மாறுகிறது என்று அவர் முடிவு செய்தார். மாணவர்களே, நம் ஊர்ச் சிறுவன் விரல் நுனியால் தொட்டுக் கேட்ட கேள்வியும் இதுவே அன்றோ!

லோசெவ் மற்றொன்றையும் கண்டார். இவ்வொளியை மிக விரைவாக ஏற்றவும் அணைக்கவும் முடிந்தது. இழை விளக்கு அணைய வேண்டுமானால் இழை குளிர வேண்டும். அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். இதற்கோ குளிர வேண்டிய இழையே இல்லை. ஆகையால் விரைவாகச் செய்தி அனுப்புவதற்கு இவ்வொளியைப் பயன்படுத்தலாம் எனக் கருதி, 1927ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கணிப்பொறியின் கட்டளைக்கு ஏற்ப இன்று நொடிக்குப் பல்லாயிரம் முறை சிமிட்டும் விளக்கின் இயல்பை அவர் அன்றே அறிந்திருந்தார். ஆனால் அவர் காலத்தில் அதற்கு ஆதரவு கிட்டவில்லை. 1942ஆம் ஆண்டில், ஜெர்மானியப் படைகள் லெனின்கிராடு நகரை முற்றுகையிட்டிருந்தபோது, அந்நகரத்து மக்கள் பலரைப்போல் அவரும் பசியால் மாண்டார். அப்போது அவர் நாற்பது வயதைக்கூட எட்டவில்லை.

அவர் கேட்ட "ஏன்" என்பதற்கு முழுமையான விடை கிடைக்க, குறைகடத்திகளைப் பற்றிய அறிவு வளர வேண்டியிருந்தது. 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் டிரான்ஸிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பின் அவ்வறிவு விரைந்து வளர்ந்தது. அதன் சாரத்தைச் சுருங்கக் கூறுகிறேன். எல்.இ.டி. விளக்கின் உள்ளே ஒரு சிறு படிகம் இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் எலக்ட்ரான்கள் மிகுதி. மறு பகுதியில் எலக்ட்ரான்கள் இல்லாத வெற்றிடங்கள் மிகுதி. அவ்வெற்றிடங்களைத் துளைகள் என்பர். உரிய திசையில் மின்சாரம் பாயும்போது, இரு பகுதிகளும் சந்திக்கும் எல்லையில் எலக்ட்ரான்கள் துளைகளிற் சென்று விழுகின்றன. மேட்டிலிருந்து பள்ளத்தில் விழும் நீர் தன் ஆற்றலை வெளிவிடுவதுபோல, விழும் எலக்ட்ரானும் ஆற்றலை வெளிவிடுகிறது. அவ்வாற்றலே ஒளி. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு சிறிதாயின் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி வரும்; சற்றுப் பெரிதாயின் சிவப்பு; மிகப் பெரிதாயின் நீலம். நிறம் படிகத்தின் இயல்பிலேயே இருக்கிறது. மேலுள்ள மூடியின் சாயத்தில் இல்லை. மிகுந்த மின்சாரம் பாயும் பெரிய எல்.இ.டி. விளக்குகள் சூடேறுவது உண்மையே. எனினும் அவ்வொளி சூட்டினாற் பிறப்பதன்று.

1961ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பயார்டு, பிட்மன் என்ற இருவரும் காலியம் ஆர்சனைடு படிகத்திலிருந்து அகச்சிவப்பு ஒளியைப் பெற்றனர். மறு ஆண்டு, 1962இல், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய நிக் ஹோலன்யாக் என்பவர் காலியம், ஆர்சனிக், பாஸ்பரஸ் மூன்றும் கலந்த படிகத்தைக் கொண்டு கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைப் படைத்தார். அவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். டிரான்ஸிஸ்டரைக் கண்டவர்களுள் ஒருவராகிய ஜான் பார்டீனின் மாணவர். தம் சிவப்பு விளக்கின் வழியில் வருவனவே ஒரு நாள் இழை விளக்குகளின் இடத்தைப் பிடிக்கும் என்று அவர் அன்றே கூறினார். அவருடைய மாணவர் ஜார்ஜ் கிராஃபோர்டு 1972ஆம் ஆண்டில் மஞ்சள் ஒளி தரும் விளக்கை உருவாக்கினார். அதே ஆண்டில் வெளிவந்த எச்.பி.35 என்னும் கைக் கணிப்பானில் எண்கள் சிவப்பு எல்.இ.டி. ஒளியிலேயே தெரிந்தன.

நீல நிறம் மட்டும் நெடுங்காலம் கைக்கு எட்டவில்லை. அதற்குரிய காலியம் நைட்ரைடு படிகத்தைப் பழுதின்றி வளர்ப்பது மிக அரிதாயிருந்தது. பலர் முயன்று கைவிட்டனர். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகப் பேராசிரியர் அகசாகியும் அவர் மாணவர் அமானோவும் கைவிடவில்லை. 1986ஆம் ஆண்டில் அவர்கள் நல்ல படிகத்தை வளர்த்தனர். அதன்பின் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு படிகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, எலக்ட்ரான் கதிர் பட்ட பிறகு அது முன்னிலும் மிகுதியாக ஒளிர்வதைக் கவனித்தனர். அவர்கள் தேடியது அதுவன்று. ஆயினும் அதனைத் தள்ளிவிடாமல் பின்தொடர்ந்தனர். அந்த வழியே 1989ஆம் ஆண்டில் நீல விளக்குக்குத் தேவையான துளைகள் மிகுந்த பகுதியை உண்டாக்க உதவிற்று. ஷிகோகு தீவில் நிச்சியா என்ற நிறுவனத்தில் பணியாற்றிய நகமூரா 1993ஆம் ஆண்டில் மிகுந்த ஒளியுடைய நீல விளக்கை வெளியிட்டார். நீல ஒளியோடு மஞ்சள் ஒளி தரும் பூச்சைச் சேர்த்தால் வெண்மை பிறக்கும். இன்று நம் வீடுகளில் எரியும் வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் அம்முறையில் அமைந்தவை. இம்மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இனி, விளக்குக்குக் கட்டளையிடும் கணிப்பொறியின் பக்கம் வருவோம். 1975ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகையொன்றின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணிப்பொறி வெளிவந்தது. தனி மனிதர் விலைக்கு வாங்கித் தம் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும்படி உறுப்புக்களாக விற்கப்பட்ட பொறி அது. அதற்குத் திரையும் இல்லை. தட்டெழுத்துப் பலகையும் இல்லை. முன்புறத்தில் வரிசையாகச் சுவிட்சுகளும், அவற்றுக்கு மேல் சிவப்பு எல்.இ.டி. விளக்குகளும் இருந்தன. சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளுவதே அதனோடு பேசுவது. எரியும் விளக்குகளைப் படிப்பதே அதன் மறுமொழியைக் கேட்பது. ஓடுகின்ற ஒளியைச் சுவிட்சால் பிடிக்கும் விளையாட்டு ஒன்றையும் அதே ஆண்டில் ஒருவர் அதற்கென எழுதினார். ஆகவே, விளக்கைச் சிமிட்டச் செய்வது வீட்டுக் கணிப்பொறியின் முதல் மொழியாகவே இருந்தது எனலாம்.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சொந்தக் கணிப்பொறி வந்தது. அதில் அச்சுப்பொறியை இணைப்பதற்கென 25 துளைகள் உள்ள ஒரு வாயில் உண்டு. அவற்றுள் எட்டுத் துளைகள் எட்டு இலக்கங்களை ஒரே நேரத்தில் வெளியனுப்பும். அச்சுப்பொறிக்குப் பதிலாக, மின்தடையோடு கூடிய எட்டு விளக்குகளை அங்கே இணைத்தால் என்ன? ஆர்வமுள்ள மாணவர்கள் உலகெங்கும் அவ்வாறே செய்தனர். வலக்கோடி விளக்குக்கு மதிப்பு 1, அடுத்ததற்கு 2, பின்னர் 4, 8, 16, 32, 64, 128. ஐந்து என்ற எண்ணை அனுப்பினால் 4, 1 ஆகிய விளக்குகள் மட்டும் எரியும். எட்டும் எரிந்தால் 255. இரும எண்முறையைக் கரும்பலகையில் ஒரு வாரம் கற்பிப்பதைக் காட்டிலும் எட்டு விளக்குகள் ஒரு மணி நேரத்திற் கற்பித்துவிடும். ஆனால் இணைப்புத் தவறினால் விலையுயர்ந்த கணிப்பொறியே பழுதாகும் என்ற அச்சமும் இருந்தது.

அவ்வச்சத்தைப் போக்கியது நுண்கட்டுப்படுத்தி. கணிக்கும் உறுப்பு, நினைவகம், வெளியுலகோடு இணையும் முனைகள் ஆகிய யாவும் ஒரே சில்லில் அமைந்த சிறு கணிப்பொறி அது. 1980ஆம் ஆண்டில் இன்டெல் வெளியிட்ட 8051 என்ற சில்லைப் பற்றி நம் நாட்டுப் பொறியியற் கல்லூரி மாணவர் பலர் படித்திருப்பர். எனினும், பொறியியல் படிக்காதவர்க்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. இத்தாலியில் இவ்ரேயா என்னும் ஊரில் ஒரு வடிவமைப்புக் கல்விநிலையம் இருந்தது. அங்குப் பயின்ற கொலம்பிய நாட்டு மாணவர் எர்னாண்டோ பாராகான், ஓவியரும் வடிவமைப்பாளரும்கூட எளிதிற் கையாளத்தக்க 'வயரிங்' என்ற பலகையையும் நிரல் முறையையும் தம் பட்ட ஆய்வாக 2003ஆம் ஆண்டில் தொடங்கினார். அதனை அடியாகக் கொண்டு, மாஸிமோ பான்சி முதலியோர் 2005ஆம் ஆண்டில் அதனினும் மலிவான 'ஆர்டுயினோ' பலகையை உருவாக்கினர். அதன் மின்சுற்று வரைபடத்தை எவரும் பார்த்துத் தாமே செய்துகொள்ளலாம் என்று வெளிப்படையாக வழங்கினர். 2016ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனமாகிய பி.பி.சி. பல அமைப்புகளோடு சேர்ந்து, 25 சிவப்பு விளக்குகள் உள்ள 'மைக்ரோபிட்' என்ற பலகையை அந்நாட்டின் பள்ளிச் சிறுவர்க்கு இலவசமாக வழங்கத் தொடங்கிற்று.

இப்போது நம் மேசைக்கு வருவோம். சென்ற ஆண்டு என் பேத்தி ஓர் ஆர்டுயினோ பலகையோடு என்னிடம் வந்தாள். அவளும் மின்தடையின்றி ஒரு விளக்கை 9 வோல்ட் பாட்டரியில் இணைத்து எரித்துவிட்டிருந்தாள். இம்முறை நான் பதிவேட்டைத் தேடவில்லை. "உட்கார், அம்மா, கணக்குப் போடுவோம்" என்றேன். சிவப்பு விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். பாட்டரி தருவது 9. எஞ்சிய 7 வோல்ட்டைத் தாங்க வேறெதுவும் இல்லாமையால் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து படிகம் கெட்டது. பலகையின் முனை தருவது 5 வோல்ட், எஞ்சுவது 3. பாய வேண்டிய மின்னோட்டம் 15 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால், ஓம் விதிப்படி 3ஐ 0.015ஆல் வகுக்க 200 ஓம் வரும். கடையிற் கிடைப்பது 220 ஓம். அதனை இணைத்தோம். நீண்ட காலைப் பலகையின் முனைப் பக்கமும், குட்டைக் காலைத் தரைமுனைப் பக்கமும் வைத்தோம். மாற்றி வைத்தால் எரியாது. மின்சாரம் ஒரு திசையிலேயே செல்லும் என்பதற்கு அதுவே சான்று.

பிறகு அவள் நிரலை எழுதினாள். முனையை உயர்த்து, 1000 மில்லி நொடி பொறு, முனையைத் தாழ்த்து, 1000 மில்லி நொடி பொறு, மீண்டும் முதலிலிருந்து செய். விளக்கு இரண்டு நொடிக்கொருமுறை எரிந்து அணைந்தது. காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். பத்து மில்லி நொடியளவில் சிமிட்டல் கண்ணுக்கு மறைந்து, விளக்கு தொடர்ந்து எரிவதுபோல் தோன்றிற்று. எரியும் நேரத்தைக் குறைத்து, அணையும் நேரத்தைக் கூட்டினோம், ஒளி மங்கிற்று. விளக்கு மங்கவில்லை, நம் கண்தான் அவ்வாறு கூட்டிக் காண்கிறது. லோசெவ் கண்ட விரைவின் பயன் இது என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். பின்னர், "விளக்கைத் தொட்டுப் பார், சுடுகிறதா?" என்று நானே கேட்டேன். அவள் தொட்டுப் பார்த்து, "இல்லையே, தாத்தா, ஏன்?" என்றாள். விடை சொல்ல எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கேட்டவன் அப்போது எதிரில் இல்லை.

மாணவ மாணவியரே! இவ்வரலாற்றிலிருந்து நான் உங்களை வேண்டிக்கொள்வன இரண்டு. நீங்களும் இத்தகைய விளக்கைச் செய்து பாருங்கள். முதலில் ஒன்று, பின்னர் எட்டு. செய்யும்போது எதிர்பாராதது எதுவேனும் நிகழ்ந்தால், அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஏன் என்று கேளுங்கள். எரிந்துபோன விளக்கையும் அக்குறிப்பேட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்து, உங்கள் ஆசிரியருக்கு விடை தெரியாமற் போகலாம். அதனால் கேள்வியை விட்டுவிட வேண்டா. நூலகத்திலும் சோதனையிலும் அதனைத் தொடருங்கள். ஆசிரியர்களாகிய என் தோழர்களுக்கும் ஒரு சொல். தெரியாததைத் தெரியாது என்று கூறி, மாணவனோடு சேர்ந்து தேடுவதால் நம் மதிப்புக் குறையாது. நான் அன்று அவ்வாறு செய்திருந்தால், ஒரு மாணவன் ஓர் ஆண்டு முழுதும் வாய்மூடி இருந்திருக்க மாட்டான். அவன் எங்கேனும் இருந்து இப்பேச்சைக் கேட்பானாயின், அவன் கேள்விக்குரிய விடையை இன்று கூறிவிட்டேன் என்று அறிந்துகொள்ளட்டும்.